கட்சியில்லாத முதலியார்

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எல்லோரும் ஒருமுகமாக நல்லவர் என்று சொன்னது ஒரே ஒருவரைத்தான். காரணம் சுலபம். அவர் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை.

கோட்டில் முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலியார் என்றால் சாதி இல்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நீதிபதி சிங்களத்தில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்லி, சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்லி, முப்பது வருடத்துக்கு மேல் திருகோணமலைக் கோட்டில் நின்ற மனிதர். அந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. "அவன் வெட்டினானாம்" என்று சொல்லக் கூடாது. சாட்சி எப்படிச் சொல்கிறானோ அப்படியே "நான் வெட்டினேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே அவர் தன் வாயால் கொலை செய்திருக்கிறார், மாடு களவெடுத்திருக்கிறார், புல்மோட்டையில் இரண்டாம் தாரம் கட்டியிருக்கிறார், அதே வாயால் அத்தனையையும் மறுத்தும் இருக்கிறார். பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலையூற்றுக்கு வந்து சேரும்போது, சொந்தமாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அவர் செத்து மூன்று வருடமாகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டுமாம். முயற்சி செய்கிறேன்.

கலியாண வீடுகளில் அவர் மாப்பிள்ளை பகுதியிலும் இருக்கமாட்டார், பொம்பிளை பகுதியிலும் இருக்கமாட்டார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, புகைக்குள் இருந்து இருமிக்கொண்டிருப்பார். எங்கள் சந்தியில் எதிரெதிரே இரண்டு தேத்தண்ணிக் கடைகள். இந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தால் அந்தக் கடையில் வடை தின்பார். மறுநாள் மாற்றித் தின்பார். இரண்டு முதலாளிமாரும் அவரைத் தங்கள் வாடிக்கையாளர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு புருசன் பெண்சாதி சண்டை. இரண்டு பேருக்கும் பேச்சுக் கதை இல்லை. பெரிய மனிதர், கோட்டில் இருந்தவர், நடுவில் நின்று சமாதானம் செய்வார் என்று கூட்டிக்கொண்டு போனோம். அவர் புருசனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து பெண்சாதியிடம் சொன்னார்: "நான் வெயிலுக்கை நிண்டு உழைச்சுப்போட்டு வாறன், நீ போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்." பிறகு பெண்சாதியிடம் கேட்டுவிட்டுப் புருசனிடம் போனார்: "உன்னைக் கட்டின நாளிலை இருந்து நான் ஒரு நாள் நிம்மதியாப் படுக்கேல்லை." ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. புருசனின் உறுமலும் பெண்சாதியின் மூக்குறிஞ்சலும் உட்பட அப்படியே. அரை மணித்தியாலத்தில் அந்தப் பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிண்ணியா பஸ் ஏறித் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "ரெண்டு பேரிலையும் நியாயம் இருக்குது" என்று சொல்லிவிட்டு முதலியார் குளிக்கப் போனார்.

ரெண்டு பேரிலையும் நியாயம் இருக்குது. இந்த ஒரு வசனத்தை அவர் வாயில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஏனென்றால் எனக்கும் அதைத்தான் சொன்னார்.

என் கதையையும் சொல்ல வேண்டும். நான் ரவுணில் கோட்டுக்குப் போகிற வழியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பெல்லாம் ஓட்டோ குசினி வாசல் வரைக்கும் வரும். பக்கத்து வளவுக்காரர் சிவலிங்கம் அண்ணை ஒரு நாள் கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து இறக்கி, எங்கள் பாதையில் நாலடியை விழுங்கி மதில் எழுப்பினார். அது தன்னுடைய காணியாம். மிஞ்சியதில் ஒரு ஆள் நேராக நடக்கலாம். அம்மாவைக் கதிரையில் இருத்தி, நானும் ஓட்டோக்காரனும் தூக்கிக்கொண்டு, மதிலில் முழங்கை தேயத் தேய றோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் கதிரை சரிந்து அம்மாவின் நெற்றி மதிலில் அடிபட்டது. அன்றைக்கே வழக்குப் போட்டேன்.

எல்லைக் கல் எங்கள் பக்கம் சொன்னது. அந்தக் கல்லை அப்பா நாட்டியதைக் கண்ணால் கண்டவர் உயிரோடு இருப்பது ஒருவர்தான். எங்கள் எதிர்வீட்டு முதலியார். நாங்கள் எல்லோரும் சண்டையில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்த வருடம், வேலியும் இல்லை, கல்லும் புல்லுக்குள் கிடந்த நேரம், அப்பா அளந்து நாட்டியபோது அவர் பக்கத்தில் நின்றாராம். அப்பா சாகும் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது போதாதா? முதலியார் வாயைத் திறந்தால் வழக்கு முடிந்தது. அவரிடம் போனேன். வாசலில் நிற்க வைத்துக் கதைத்தார். "பிள்ளை, நான் ஒரு பகுதிக்கும் சாட்சி சொன்னதில்லை. எனக்கு உங்கட அப்பாவும் வேணும், சிவலிங்கமும் வேணும். ரெண்டு பேரிலையும் நியாயம் இருக்குது." அப்பா செத்துப் பன்னிரண்டு வருடம். அவரை இனி என்னத்துக்கு வேணும் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் வந்து குமுறினேன். அம்மா முகட்டைப் பார்த்துக்கொண்டு, "அவரை விடு" என்றா. வருத்தக்காரி, அலுத்துப்போய்ச் சொல்கிறா என்று நினைத்தேன்.

இப்படி உள்ளூரில் ஒரு மதிலுக்குக்கூட வாய் திறக்காத மனிதரைத் தேடித்தான் அமெரிக்காவில் இருந்து ஒரு தேர்தல் வந்தது.

அவருடைய ஒரே மகள் வசந்தி அங்கே ஒரு மாநிலத்தில் தாதியாக இருக்கிறாள். குடியுரிமை எடுத்து, முதல் தரமாக வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்திருந்தது. மற்றப் பதவிகளுக்கெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருந்ததாம், அவள் பாட்டுக்குப் போட்டுவிட்டாள். ஒரு இடத்தில் மட்டும் திகைத்து நின்றுவிட்டாள். அந்த மாநிலத்தின் ஆகப்பெரிய கோட்டுக்கு ஒரு நீதிபதி வேண்டும். மூன்று பேர் கேட்கிறார்கள். முதல் சுற்றில் ஒருவரைக் கழித்து இரண்டு பேரை மிச்சம் பிடிப்பார்கள், பிறகு அந்த இரண்டு பேருக்குள் கடைசித் தேர்தல். ஆனால் ஒருவருக்கும் கட்சி இல்லை. கட்சி போடக் கூடாது என்பது சட்டம். வெறும் பெயர். கட்சி பார்த்துப் போடத் தெரிந்தவளுக்கு ஆள் பார்த்துப் போடத் தெரியவில்லை. "அப்பா கோட்டிலை இருந்தனீங்கள்தானே, ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்று பொறுப்பைத் தகப்பன் தலையில் போட்டாள்.

மனிதருக்கு வந்த சந்தோசப் புளுகத்தைப் பார்க்க வேண்டும். கட்சியே இல்லாத ஒரு தேர்தல்! அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. அடுத்த நாள் காலையில் கடை திறக்க முன்னமே வாசலில் நின்றார். வாக்காளருக்கு அனுப்பும் புத்தகத்தில் மூன்று பேரும் தங்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தார்கள். வசந்தி வட்ஸ்அப்பில் அனுப்பியதை நான் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். எனக்குச் சாட்சி சொல்லாத மனிதருக்கு நான் கடதாசி அடித்துக் கொடுத்தேன் என்பதைக் கவனியுங்கள். நானும் நல்லவள்தான்.

பிறகு மூன்று கிழமை என் கடை வாங்குப் பலகையில்தான் அந்த மாநிலத்தின் உயர்நீதிமன்றம் நடந்தது. முதலாமவருடைய பக்கத்தைத் தமிழில் வாசிப்பார்: "நான் இருபது வருடம் சட்டத்தரணி. எனக்கு மூன்று பிள்ளைகள், ஒரு நாய்." அந்த நேரம் அவருக்கு நெஞ்சு நிமிரும், குரல் கட்டைக்குரலாகும். இரண்டாமவர் ஏழைகளுக்காக வழக்காடியவர். அதை வாசிக்கும்போது முதலியாரின் கண் கலங்கும். மூன்றாவது ஒரு பெண், கீழ்க்கோட்டில் நீதிபதியாக இருப்பவர். அவருக்குக் குரல் மெலிந்து, கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பார். கோட்டுக்கு வந்த சனம் தங்கள் வழக்கை மறந்து நின்று கேட்டது.

கிண்ணியாவில் இருந்து எருமைத் தயிர் கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணர் ஒருவர், எங்களுக்கு அவர் நானா, அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்து இதில் மாட்டிக்கொண்டார். சின்னம் என்ன என்று கேட்டார். சின்னம் கிடையாது என்றார் முதலியார். விருப்பு இலக்கம்? அதுவும் கிடையாது. புள்ளடி? பெட்டிக்குள் குறுக்கே கீறுகிற புள்ளடியும் போடக் கூடாது, முட்டை மாதிரி ஒரு வட்டத்தை மையால் நிரப்ப வேண்டும். நானா தயிர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். சின்னமும் இல்லை, நம்பரும் இல்லை, புள்ளடியும் இல்லை, நீதிபதி வீடு வீடாக வந்து கும்பிடவும் மாட்டார் என்றால் அது என்ன தேர்தல் என்று கேட்டார். என் கடைச் சுவரைக் காட்டினார். அங்கே எங்கள் ஊர் வேட்பாளர்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், ரவுணில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று அவர்களில் ஒருவரைப் பசையோடு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. இதுதான் தேர்தல் என்றார் நானா. முதலியார் இரண்டையும் பார்த்துவிட்டு, ரெண்டிலையும் நியாயம் இருக்குது என்றார்.

வாக்குச்சீட்டைத் தபாலில் போடக் கடைசி நாள் வந்தது. வசந்தி வீடியோவில் வந்தாள். எங்களுக்குக் காலை, அவளுக்கு முதல் நாள் பின்னேரம். கையில் பேனையை வைத்துக்கொண்டு இருந்தாள். "அப்பா, சொல்லுங்கோ. இண்டைக்குப் போடாட்டி ஏலாது." முதலியார் மூன்று கடதாசியையும் மாற்றி மாற்றி அடுக்கினார். முதலாமவரிடம் அனுபவம் இருக்கிறது, இரண்டாமவரிடம் இரக்கம் இருக்கிறது, மூன்றாமவரிடம் என்று தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை மாதத்துக் கோபம்! அவர் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும் பாராமல் கொட்டிவிட்டேன். ஊரில்தான் ஒரு பக்கமும் நிற்க ஏலாத ஆள், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று பேரில் ஒருவரைக் காட்டக்கூட விரல் இல்லையா, பெற்ற பிள்ளை கேட்கிறாள், அவளுக்காவது ஒரு பதில் சொல்ல ஏலாதா, இப்படியே செத்துப்போனால் அங்கே போய் எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்டேன்.

முதலியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூண்டாவது ஆளுக்குப் போடு, வசந்தி" என்றார். "தன்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்த மனுசனுக்கு எதிரா ஒரு தீர்ப்புச் சொன்னனான் எண்டு எழுதியிருக்குது அந்த மனுசி. மற்ற ரெண்டு பேரும் எதிரிகளைத்தான் எதிர்த்திருக்கினம். அது ஆரும் செய்வினம்."

எனக்குப் புல்லரித்துப் போனது, உண்மை. ஆனால் நான் புல்லரித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா? சூட்டோடு சூடாகப் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவுக்கு நீதிபதி தெரிவு செய்தாயிற்று, இனி எனக்கு ஒரு நாள் கோட்டுக்கு வர ஏலாதா என்று கேட்டேன்.

"வந்தால் கண்டதைத்தான் சொல்லுவன், பிள்ளை."

"அதைத்தான் ஐயா நானும் கேக்கிறன்."

"கண்டது முழுக்க."

"முழுக்கச் சொல்லுங்கோ" என்றேன். அப்படி ஒரு உற்சாகம் எனக்கு.

முதல் சுற்று முடிவு வந்தபோது அவருடைய ஆள் மூன்றாவதாக வந்து வெளியே போயிருந்தார். வாழ்க்கையில் ஒரு தரம் ஒரு பக்கம் நின்றார், அதுவும் கட்டுக்காசு போகிற பக்கம் என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரித்தார். தோற்றதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வழக்கு நாள் அவர் பழைய வெள்ளைக் காற்சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். கோட்டில் எல்லோரும் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னுடைய சாட்சி! சிவலிங்கம் அண்ணை எதிர்ப்பக்கத்து வாங்கில் குனிந்துகொண்டிருந்தார். என் சட்டத்தரணி எந்தச் சாட்சியோடும் வாசலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்காத பெரிய மனிதர். கல் நாட்டினதைக் கண்டனீங்களோ என்று கேட்டார், ஓம் என்றார் முதலியார், அவருக்கு அது போதும்.

பெயர் கூப்பிட்டதும் முதலியார் போய்ச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். பியோன் வந்து கூண்டுக்குள் ஏற்றிவிட்டான். சத்தியம் செய்தார். நீதிபதி சிங்களத்தில் முதல் கேள்வியைக் கேட்டார். இப்போதைய முதலியார் ஒரு இளம் பெண். அவள் வாய் திறக்க முன்னமே எங்கள் முதலியார் அதை வடிவான தமிழில் சொன்னார்: "இந்த எல்லைக் கல் நாட்டப்பட்டபோது நீங்கள் அங்கே நின்றீர்களா?" சொல்லிவிட்டு, வழமையில் சாட்சி நிற்கிற இடப்பக்கம் திரும்பி, பதில் வரும் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார். அங்கே ஒருவரும் இல்லை. கோட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். "ஐயா, பதில் நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள் அவள்.

அவர் முகம் மாறியது. கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நிண்டனான். பழைய கல்லு புல்லுக்கை கிடந்தது. அது கிடந்த குழியும் தெரிஞ்சது. இந்தப் பிள்ளையின்ர அப்பா அதைக் கிளப்பி, நாலடி தள்ளி, சிவலிங்கத்தின்ர வளவுக்கை நட்டவர். சிவலிங்கம் ஆக்கள் அப்ப இந்தியாவிலை அகதி முகாமிலை. நான் ஒண்டும் கேக்கேல்லை. அளந்த கயிற்றின்ர மற்ற முனை என்ர கையிலைதான் இருந்தது."

அவர் என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார், நீதிபதியைப் பார்த்து இல்லை. எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி எழும்பி, தனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு இருந்தார். பின்னே, கேட்க என்ன இருக்கிறது? என் வாயால் நானே கெட்டேன். முழுக்கச் சொல்லுங்கோ என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான்.

வெளியே வந்ததும் என் சட்டத்தரணி தோளைத் தட்டினார். பயப்பட ஒன்றும் இல்லையாம். யார் நாட்டினால் என்ன, பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்த பாதை, அந்தச் சட்டத்தைக் கொண்டே வெல்லலாமாம், கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். முதலியார் மரத்தடியில் தனியே நின்றார். நான் அவரைத் தாண்டிப் போய் ஓட்டோவில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கிழட்டுப் பொய்யன், அப்பாவைக் கள்ளன் என்று சொல்லிவிட்டான், சிவலிங்கத்திடம் என்னத்தை வாங்கினானோ என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். அம்மா கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. நான் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, கோணின வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா.

"அது எங்கட உடுப்புக் கொடிக் கயிறு. நான்தான் அவிட்டுக் குடுத்தனான்."

அம்மா ஏன் அவரை விடச் சொன்னா என்பது அப்போதுதான் விளங்கியது. எத்தனை வருடம் அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார், அப்பாவோடு பேப்பர் வாங்கி வாசித்திருக்கிறார், அப்பாவின் செத்த வீட்டில் நின்றிருக்கிறார். அவர் வாய் திறக்காதது யாரைக் காப்பாற்ற என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. ஜெனரேட்டர் புகையையும் வடையையும் சொல்லிச் சிரிக்க மட்டும் நன்றாகத் தோன்றியது.

வழக்கை மீளப் பெற்றுக்கொண்டேன். சட்டத்தரணிக்கு என்னில் பெரிய கோபம், வெல்லக்கூடிய வழக்காம். சிவலிங்கம் அண்ணை ஓடிவந்து மதிலை உடைத்து, தங்கச்சி என்று கட்டிப்பிடித்து அழுதார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் மதிலுக்கு வெள்ளை அடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. ஓட்டோ றோட்டில் நின்றது. அம்மாவைக் கதிரையில் இருத்தி, விழாமல் பழைய சேலையால் கட்டிவிட்டு நிமிர்ந்தால், பாதை வாசலில் முதலியார். கறுப்புக் கோட்டில்லை, இடுப்பில் பழைய சாரம், சேர்ட் கை மடித்திருந்தது. எழுபது தாண்டின மனிதர், கதிரை தூக்க வந்திருக்கிறார்.

"முன்பக்கம் நான் பிடிக்கிறன்" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவரில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் போங்கோ ஐயா, உங்கட உதவி வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. ஓட்டோக்காரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை.

அம்மா சுகமாயிருக்கிற கையைத் தூக்கினா. கதிரையின் முன்காலைக் காட்டினா.

"பிடியுங்கோ" என்றா அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீயும்தான்" என்றா.